சமயம் பார்த்து நுழையும் பூஞ்சைகள்



ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது நம் எல்லார் வீட்டிலும் தெரிந்த விஷயம். சில நாட்களில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். மழைக்காலத்தில் தோல் செருப்பிலும், மீந்துபோன ரொட்டியிலும், சுவரின் ஈர மூலையிலும் இதே பூஞ்சையைப் பார்க்கிறோம். விதை போன்ற அதன் நுண்துகள்கள் காற்றெங்கும் மிதக்கின்றன. இந்த வரிகளை வாசிக்கும் நேரத்திலும் நீங்கள் அவற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும், ஊறுகாயில் பூக்கும் பூஞ்சை நம்முடைய நுரையீரலில் ஏன் பூப்பதில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், எங்கள் வார்டுகளில் நாங்கள் சந்திக்கும் ஒரு கடினமான வியாதிக்கூட்டத்தையும் புரிந்துகொள்ளலாம். ஆகையால் இந்த முறை அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

சரீரத்தின் காவல்

முதல் காவல் நம்முடைய உடற்சூடு. பெரும்பாலான பூஞ்சைகள் மண்ணிலும் மட்கிய இலையிலும் வாழப் பழகியவை. 37 டிகிரி சூட்டில் அவற்றால் வளர முடியாது. இரண்டாவது காவல் தோலும், மூக்கு, வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும். மூன்றாவது காவல் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள். அவற்றில் ஒருவகை, உள்ளே வந்த பூஞ்சையை விழுங்கி அழிக்கிறது. இன்னொரு வகை, எங்கே யாரைத் தாக்க வேண்டும் என்று மற்ற அணுக்களுக்குக் கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளை அணுக்களைத்தான் சிடி4 அணுக்கள் என்கிறோம்.

இந்தக் காவல் தளரும்போது, அதுவரை தீங்கு செய்யாதிருந்த பூஞ்சை உள்ளே குடியேறிவிடுகிறது. ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாமல், பலவீனப்பட்டவரைச் சமயம் பார்த்துத் தாக்குவதால் இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். எச்.ஐ.வி. கிருமியால் சிடி4 அணுக்களை இழந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை வியாதி கட்டுக்கு அடங்காதவர்கள், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் ஆகியோரே இவற்றுக்கு முக்கியமாக இலக்காகிறார்கள்.

வாயில் தெரியும் முதல் அடையாளம்

கேண்டிடா என்ற பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் எப்போதும் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அது பெருகி, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெண்படலமாகப் படிகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் வாயில் இது வருவதுண்டு. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேறு காரணம் தெரியாமல் ஒரு வாலிபரின் வாயில் இப்படிப் படலம் வந்தால், விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால், அது ஓர் எச்சரிக்கை. அப்போது வாய்க்கு மருந்து தடவுவதோடு நிறுத்திவிடாமல், இரத்தச் சர்க்கரையையும் எச்.ஐ.வி.யையும் சோதித்துப் பார்ப்பதே சரியான வைத்தியம்.

இந்தப் படலத்துக்குத் தரப்படும் நிஸ்டாட்டின் என்ற சொட்டு மருந்துக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை செய்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரத்திலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்ததால், மாதிரிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டே ஆராய்ந்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணையில் எடுத்த மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர், பூஞ்சையைக் கொன்றது. மனிதருக்கு ஏற்றதாகவும் இருந்தது. 1950இல் அதை அறிவித்தார்கள். அந்த மருந்தின் உரிமைத்தொகையாகப் பின்னாளில் வந்தது 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

எய்ட்ஸும் பூஞ்சையும்

எய்ட்ஸ் வியாதி உலகத்துக்குத் தெரியவந்ததிலும் ஒரு பூஞ்சைக்குப் பங்கு உண்டு. 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அதுவரை ஆரோக்கியமாக இருந்த 5 வாலிபர்களுக்கு, நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் அபூர்வமான நுரையீரல் காய்ச்சல் வந்திருப்பதாக அது கூறியது. அந்தக் கிருமியை அன்றைக்கு வேறு வகை நுண்ணுயிர் என்று எண்ணியிருந்தார்கள். அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது என்பது 1988இல் மரபணுச் சோதனையால் தெரிந்தது. கோ-டிரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் இந்தக் காய்ச்சலைப் பெருமளவு தடுக்கலாம்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றில் 6 மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அதன்பின் நெடுங்காலம் இந்த வியாதிக்கு ஏழைகளால் வாங்கக்கூடிய மருந்து இல்லை. 2004 ஏப்ரலில்தான் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. இன்று இந்த மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ முடியும். ஆனாலும் தனக்குக் கிருமி இருப்பது தெரியாதவர்களும், மருந்தை நடுவில் நிறுத்தியவர்களும் இன்னும் காலம் கடந்தே வருகிறார்கள். அவர்களில் சிலரைக் கொல்வது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை.

விடாத தலைவலி

ஒரு பெண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இவர் எந்த ஒரு தனி நபரும் அல்ல. ஆனால் இவரைப் போன்றவர்களை எந்த மிஷன் மருத்துவமனையிலும் பார்க்கலாம். வயது 35 இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர். மூன்று வாரமாகத் தலைவலி. முதலில் பெட்டிக்கடை மாத்திரை. பிறகு பக்கத்து ஊரில் ஓர் ஊசி. கண் கோளாறோ என்று கண்ணாடி வாங்கிப் போட்டதும் உண்டு. பிறகு வாந்தி தொடங்கியது. பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிந்தன. கடைசியில் பிள்ளைகளின் பெயரையே மாற்றிச் சொல்லத் தொடங்கியபோதுதான், அண்ணன் வாடகைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறார்.

கிரிப்டோகாக்கஸ் மண்ணிலும், முக்கியமாகப் புறா எச்சம் கலந்த மண்ணிலும் வளர்வது. தூசியோடு மூச்சில் நுழைந்து நுரையீரலில் தங்குகிறது. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சிடி4 எண்ணிக்கை சாதாரணமாக 500க்கு மேல் இருக்க வேண்டும். அது 100க்குக் கீழே போனவர்களிடத்தில் பூஞ்சை இரத்தத்தில் பரவி, மூளையைச் சுற்றியுள்ள உறையில் குடியேறுகிறது. கழுத்து விறைப்பு இருந்தால்தான் மூளைக்காய்ச்சல் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த வியாதியில் பல பேருக்குக் கழுத்து விறைப்பதே இல்லை. ஆகவேதான் வெறும் தலைவலி என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோறூட்டுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

2020ஆம் வருஷத்தில் மட்டும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் உலகம் முழுவதும் சுமார் 1,12,000 பேர் இந்த ஒரு மூளைக்காய்ச்சலால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் மனிதருக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளை முதன்முறையாகப் பட்டியலிட்டது. மிகவும் அவசரமாகக் கவனிக்க வேண்டியவை என்ற பிரிவில் இதையும் வைத்தது.

முதுகில் நீர் எடுப்பதைப் பற்றி

இந்த வியாதியைக் கண்டுபிடிக்க முதுகுத்தண்டிலிருந்து சிறிது நீர் எடுக்க வேண்டும். குடும்பத்தார் அதிகம் தயங்குவது இங்கேதான். “முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கையெழுத்துப் போடாமல் ஒரு நாள் போய்விடும். இந்த வியாதியில் ஒரு நாள் என்பது பெரிய காலம்.

ஊசி போகும் இடம் இடுப்பு எலும்பின் மட்டத்தில் இருக்கிறது. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஆகையால் ஊசி அதைத் தொடுவதில்லை. எடுத்த நீரில் ஒரு துளியோடு ஒரு துளி இந்தியா மையைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்புத் தளத்தில் ஒவ்வொரு பூஞ்சையும் தன்னைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு தெரியும். அந்த வளையம் பூஞ்சையின் பசை போன்ற மேலுறை. எழுதுவதற்கு வைத்திருந்த மை இத்தனை வருஷங்களாக உயிர் காக்கும் வேலையையும் செய்துவருகிறது.

நீர் எடுப்பது சோதனைக்கு மட்டுமல்ல, வைத்தியமும் அதுவே. அந்தப் பூஞ்சையும் அதன் உறைப் பசையும் நீர் வடியும் வழியை அடைத்துக்கொள்வதால் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலியும் பார்வைக் கோளாறும் அதனால்தான். நீரின் உயரம் 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால், கொஞ்சம் கொஞ்சமாக வடித்து இறக்க வேண்டும், தேவைப்பட்டால் தினமும். நேற்றுவரை முனகிக்கொண்டிருந்தவர் நீர் எடுத்த சிறிது நேரத்தில் தலைவலி குறைந்து எழுந்து உட்கார்வதைப் பார்த்த பிறகு, அடுத்த தடவை குடும்பத்தார் தயங்குவதில்லை.

மருந்தும் அதன் விலையும்

பாக்டீரியாவைக் கொல்ல எத்தனையோ மருந்துகள் உண்டு. பூஞ்சையைக் கொல்ல இருப்பவை மிகச் சில. காரணம், பூஞ்சையின் அணு பாக்டீரியாவைவிட நம்முடைய அணுவைப் போன்றது. அதை அழிக்கும் மருந்து நம்மையும் வருத்துகிறது. பூஞ்சையின் மேற்சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. நம்முடையதில் கொலஸ்டிரால் இருக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் முக்கிய மருந்துகள் வேலை செய்கின்றன.

ஆம்போடெரிசின் என்ற மருந்து, வெனிசுலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப் பகுதியின் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து 1950களில் கிடைத்தது. பலமான மருந்து; கடுமையான மருந்தும்கூட. ஏற்றும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். சிறுநீரகம் கெடலாம், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கலாம். ஆகையால் கூடவே இரத்தப் பரிசோதனையும், நரம்பு வழியே நீரும் உப்பும் வேண்டும். இதையே நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் வைத்துக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குச் சேதம் குறைவு. ஆனால் அதன் விலை அதிகம்.

இங்கே ஒரு நல்ல செய்தி. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் 800க்கும் அதிகமான வியாதியஸ்தரிடம் செய்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. குமிழி வடிவ மருந்தை அதிக அளவில் ஒரே ஒரு தடவை ஏற்றி, அதோடு இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் தினமும் பழைய மருந்தை ஏற்றும் முறைக்கு இது எவ்விதத்திலும் குறையவில்லை. பத்து வாரத்தில் இறந்தவர்கள் புதிய முறையில் சுமார் 25 சதவீதம். பழைய முறையில் சுமார் 29 சதவீதம். பக்கவிளைவுகளும் குறைந்தன. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும் நூற்றில் 25 பேர் இறக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மருந்து நல்லதாக இருந்தும், வியாதியஸ்தர் தாமதமாக வருகிறார்.

இரண்டு வாரத்தில் வைத்தியம் முடிவதில்லை. அதன்பின் எட்டு வாரம் ஃப்ளூகோனசோல் கூடிய அளவிலும், பிறகு குறைந்த அளவில் குறைந்தபட்சம் ஒரு வருஷமும் சாப்பிட வேண்டும். தலைவலி போய்விட்டதே என்று நடுவில் நிறுத்தினால் பூஞ்சை திரும்பி வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்குவதுதான் நல்லது என்று நமக்குத் தோன்றும். பொதுவாக அது சரியே. இந்த மூளைக்காய்ச்சலில் மட்டும் பொறுக்க வேண்டும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்து 2014இல் வெளியான ஆய்வில், உடனே தொடங்கியவர்களில் 45 சதவீதமும், சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதமும் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். திடீரென்று விழித்துக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி மூளை உறையில் இருக்கும் பூஞ்சையோடு போராடி வீக்கத்தை உண்டாக்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே, “ஏன் இன்னும் மருந்து தரவில்லை” என்று உறவினர்கள் கேட்டால், நாங்கள் மறந்துவிடவில்லை; நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கிறோம்.

தலைவலிக்கு முன்பே கண்டுபிடிக்கலாம்

இந்தப் பூஞ்சையின் உறைப்பொருள் தலைவலி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இரத்தத்தில் தெரிகிறது. அதைக் காட்டும் பட்டைச் சோதனை வந்துவிட்டது. கர்ப்பத்தைச் சோதிக்கும் பட்டை போன்றதுதான். ஒரு துளி இரத்தம் போதும். பத்து நிமிஷத்தில் கோடு தெரியும். மின்சாரமோ பெரிய ஆய்வுக்கூடமோ வேண்டாம். சிடி4 குறைந்த ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து, கோடு தெரிந்து, மூளையில் இன்னும் வியாதி பரவாதவருக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை கொடுத்தால், மூளைக்காய்ச்சல் வராமலே தடுக்கலாம். தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் இந்தச் சோதனையோடு, மருந்து சாப்பிடுகிறார்களா என்று வீட்டுக்கே போய் விசாரிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், முற்றிய நிலையில் வந்தவர்களின் இறப்பு 28 சதவீதம் குறைந்தது. வீடு தேடிப் போனவர்கள் மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள்.

2021 கற்பித்த பாடம்

எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு இதில் அக்கறை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்ற பெயரை எல்லாரும் கேள்விப்பட்டோம். அதன் உண்மையான பெயர் மியூகார்மைக்கோசிஸ். பூஞ்சை கறுப்பல்ல, அது இரத்தக் குழாயை அடைத்துவிடுவதால் சதை செத்துக் கறுக்கிறது. அந்த வருஷம் மே மாதம் தமிழ்நாட்டில் இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய வியாதியாக்கப்பட்டது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டு, 4,300க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்களிலும் பலர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ இழந்தார்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. பலர் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தார்கள். சர்க்கரை ஏறி இரத்தம் புளிக்கும்போது இந்தப் பூஞ்சை செழிக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றுகிறது, காவலையும் தளர்த்துகிறது. ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா வியாதியஸ்தருக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்தது என்பது 2020இல் நிரூபணமானது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனாலும் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி, பலர் வீட்டிலேயே சாப்பிட்டார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் விடாத தலைவலியும் காய்ச்சலும் இருந்தால் கடை மாத்திரையோடு நிறுத்த வேண்டாம். எச்.ஐ.வி. சோதனை செய்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

சர்க்கரை வியாதி உள்ளவருக்கு ஒரு பக்கம் மட்டும் முகம் வீங்கினால், மூக்கிலிருந்து கறுத்த நீர் வந்தால், மேலண்ணம் கறுத்தால், கண் வலித்துப் பார்வை மங்கினால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. செத்த சதையை அறுவைச் சிகிச்சையால் எடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் வந்தால் குறைவாக எடுத்தால் போதும்.

மருத்துவர் எழுதித் தராமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். எழுதித் தந்ததைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவரை, கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்தும், புறா அடையும் பரணைச் சுத்தம் செய்வதிலிருந்தும் விலக்கி வையுங்கள். அந்தத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் இருக்கும்.

எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திவிட்ட ஒருவரைத் தெரிந்தால் கடிந்துகொள்ளாமல் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் அது பஸ் கட்டணமாக இருக்கும்; அல்லது மருந்து வாங்கும் வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கும்.

மருத்துவமனைக்கு உதவுகிற நண்பர்கள் வந்து பார்க்கும்போது கட்டடமும் இயந்திரங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. பத்து நிமிஷத்தில் கோடு காட்டும் ஒரு பட்டையும், ஒரு வருஷத்துக்கான மாத்திரை டப்பாக்களும், மாதம் தவறினால் வீடு தேடிப் போகிறவருடைய சைக்கிளும் தெரிவதில்லை. நாம் மேலே நினைத்துப் பார்த்த அந்தப் பெண் மூன்று வாரம் முன்னதாக, தலைவலி மட்டும் இருக்கும்போதே வந்திருந்தால், தன் பிள்ளைகளின் பெயரை மறந்திருக்க மாட்டார். அதற்கும் முன்பே அந்தப் பட்டைச் சோதனை நடந்திருந்தால் தலைவலியே வந்திருக்காது. அடுத்தவராவது சமயத்தில் வந்துசேர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம். இதை வாசித்த பிறகு, வீட்டில் தலைவலி என்று படுத்திருக்கும் யாராவது உங்கள் நினைவுக்கு வந்தால், இன்றைக்கே போய் விசாரியுங்கள்.